உள்ளத்திற்கும் ஒரு மருந்துப் பெட்டி

ஹவுளின் கரையில் அமர்ந்து ஒளூச் செய்பவர் கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவதையும், தக்பீர் கட்டியவர் ஐயுற்றுக் கையை அவிழ்த்து மறுபடி கட்டுவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். வஸ்வாஸ்காரர் என நகைத்து நகர்ந்தும் இருப்பீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அறிஞர் நகைக்கவில்லை. அதனை உள்ளத்தின் பிணியாகக் கண்டு எழுதி வைத்தார்.

அவர் பெயர் அபூ ஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் பல்கு நகருக்கருகே கி.பி. 850 வாக்கில் பிறந்து, பக்தாதில் தத்துவமேதை அல்கிந்தியிடம் பயின்று, 934-இல் மறைந்தார். உலக வரைபடக் கலையிலும் அவருக்குத் தனியிடம் உண்டு. உடலைப் பற்றியும் உள்ளத்தைப் பற்றியும் இரு பகுதிகளாக அவர் எழுதிய நூல் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. மனோதத்துவ வரலாறு எழுதுவோர் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்ஸிக்கில் நிறுவிய ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அவர்களை மட்டும் குறை கூறி என்ன பயன்? நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லிலேயே இருந்தது. 1984-இல் அதன் நகற்பதிப்பு வந்தது. 2013-இல் சூடான் நாட்டு மனோதத்துவ அறிஞர் மாலிக் பத்ரீ உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் தந்தார்.

கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காகப் பிரிக்கிறார் பல்கீ. திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, உள்ளம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். மூடுபனியைக் கண்டறியாத பாலைவன அரபி அதனைக் கடக்கவியலாத திடப்பொருளென அஞ்சுவான். உள்ளே நுழைந்தால் ஈரக்காற்றுதான். அச்சங்களில் பெரும்பாலானவை அத்தகையவையாம்! எண்ணத்தைத் திருத்தி மனநோயைத் தணிக்கும் முறையை அமெரிக்காவில் ஆரன் பெக் வகுத்தது 1960-களில்தான்.

துயரத்தில் அவர் கண்ட வேறுபாடே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இழப்பினால் வரும் துயரம் ஒன்று. காரணமே புலப்படாதது மற்றொன்று. பின்னதற்கு இரத்தத்தின் மாசைக் காரணமாகக் கருதி, மருந்தும் உணவும் கூறினார். அந்த இரத்தக் கொள்கை இன்று நிலைக்கவில்லை. ஆனால், வீட்டின் மூலையில் அழுதுகொண்டிருக்கும் மகளிடம் "உனக்கென்ன குறை வைத்தோம்?" என்கிறோமே, அந்தக் கேள்விக்கு விடையில்லாமலும் பிணி இருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

வஸ்வாஸ் உடையவருக்குத் தனிமை ஆகாது, மனிதரோடு கலந்து ஏதேனும் அலுவலில் ஈடுபடட்டும் என்பது அவர் அறிவுரை. இக்காலத்தில் மனநல மருத்துவரிடம் இதற்குச் சிகிச்சையும் உண்டு. அடுத்த ஜும்ஆவில் ஹவுளின் கரையில் அவரைக் கண்டால், அருகே சென்று அமருங்கள்.