டர்போ எஞ்சினின் கூடுதல் திறன் எங்கிருந்து வருகிறது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில், வளவனூர் கடைத்தெரு ஓரமாகச் சற்று நின்று கவனியுங்கள். சரக்கேற்றிய லாரி ஒன்று கியர் மாற்றி வேகமெடுக்கும்போது, எஞ்சினின் இரைச்சலுக்கும் மேலே மெல்லிய விசில் போன்ற ஓர் ஒலி கேட்கும். அதுதான் டர்போசார்ஜரின் குரல்.

லாரிக்கு வலுவூட்டிய இக்கருவி இன்று சிறிய கார்களிலும் இடம்பெற்றுவிட்டது. “எஞ்சினின் கம்ப்யூட்டரில் ஒரு மாற்றம் செய்தால் போதும், 120 குதிரைத் திறன் 145 ஆகிவிடும்” என்று கார்ப் பிரியர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். அது பொய்யன்று. ஆனால் அந்த 25 குதிரைகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றுக்கு யார் தீனி போடுகிறார்கள்? இதனைத் தெரிந்துகொள்ளாமல் எஞ்சினில் கை வைப்பது பெருந்தவறு.

பெட்ரோல் அல்ல, காற்றே

எஞ்சினின் திறனுக்கு எல்லை வகுப்பது பெட்ரோல் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் எல்லை வகுப்பது காற்றாகும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு என்று கணக்கிட்டால், சுமார் 9,000 லிட்டர் காற்று! பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றிவிடலாம். காற்றை அவ்வாறு ஊற்ற முடியாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே புகும் அளவுதான் கிடைக்கும்.

இந்தத் தடையைத் தாண்டும் வழிக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்பிரெட் புயூக்கி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சூடாகவும் வேகமாகவும் வீணே போகிறது அல்லவா? அப்புகையைக் கொண்டு ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழல வைத்தார்கள். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. சிறிய கார்களில் இந்த அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும்.

இதன் பயனை நம் மாநிலத்திலேயே காணலாம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 காரில், டர்போ இல்லாத 1,197 கன செ.மீ. எஞ்சின், சாதாரணக் கியருடன் 83 குதிரைத் திறன் தருகிறது. 2021இல் வந்த அதன் ‘என் லைன்’ வகையிலோ 998 கன செ.மீ. எஞ்சின், டர்போவின் துணையால் 120 தருகிறது. உருவம் சிறியது, உண்ணும் காற்று மிகுதி.

திறனைக் கூட்டுவது எப்படி?

டர்போ தன்போக்கில் சுழன்றால் காற்றழுத்தம் அளவு மீறிவிடும். எனவே, குறித்த அழுத்தம் வந்ததும் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குள் விடாமல் வேறு வழியில் திருப்பிவிட ‘வேஸ்ட்கேட்’ என்னும் கதவு உண்டு. அது எப்போது திறக்க வேண்டும், பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும், பொறி எந்தக் கணத்தில் தெறிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்த எண்களை மாற்றுவதே ‘டியூனிங்’. கதவு சற்றுத் தாமதமாகத் திறந்தால் காற்று கூடும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும், திறன் உயரும்.

இங்கேதான் இயற்கை தன் கணக்கை நீட்டுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்திற்கு ஒரு டர்போ அமுக்கினால், அது சுமார் 125 பாகை வரை சூடேறும். சூடான காற்று விரிவடைவதால், அழுத்தம் இரட்டித்தாலும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதனை ‘இன்டர்கூலர்’ வழியே செலுத்தி 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.9 மடங்கை நெருங்கும். கத்திரி வெயிலில் வெளிக்காற்றே 40 பாகையாக இருக்கும்போது இந்தக் கணக்கு மேலும் மோசமாகும். மார்கழிக் காலையில் சரியாக ஓடிய டியூனிங், சித்திரை மதியத்தில் காலை வாரிவிடக்கூடும்.

எஞ்சின் தட்டும் ஓசை

காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை மிகச் சூடாகவும் மிகுந்த அழுத்தத்திலும் இருந்தால், பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன்பே அதன் ஒரு பகுதி தானாக வெடித்துவிடும். இதையே ‘நாக்கிங்’ என்கிறார்கள். சுத்தியலால் தட்டுவது போன்ற இந்த அதிர்ச்சி தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், வளையங்கள் உடையும். இதை உணர்ந்து பொறியைத் தாமதப்படுத்தும் உணரி இக்காலக் கார்களில் உண்டு. எனினும் அது எஞ்சினைக் காக்க வைத்த காவலாளி. அன்றாடம் வேலை வாங்கும் கூலியாள் அன்று.

எல்லை வரை போனால் என்ன ஆகும் என்பதற்குப் பந்தயக் களமே சான்று. 1983இல் ஃபார்முலா ஒன்று பட்டத்தை வென்ற பி.எம்.டபிள்யூ. டர்போ எஞ்சினின் கொள்ளளவு ஒன்றரை லிட்டர்தான். பின்னாளில் தகுதிச் சுற்றுகளுக்கென்று அதிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத் திறனைக் கறந்தார்கள். அப்படிக் கறந்த எஞ்சின் ஒரு சில சுற்றுகளே தாங்கியது!

இரயில் கற்றுத்தரும் பாடம்

அப்படியானால் டர்போ எஞ்சினின் திறனைப் பத்திரமாகக் கூட்டவே முடியாதா? முடியும். மின்மயமாகும் முன் விழுப்புரம் சந்திப்பில் அடிக்கடி காணப்பட்ட டீசல் இரயில் எஞ்சின்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாரணாசியில் 1964 முதல் தயாரான டபிள்யூ.டி.எம்.2 வகைக்கு 16 சிலிண்டர்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 லிட்டர்; திறன் 2,600. அதே 16 சிலிண்டர்களை வைத்துக்கொண்டு 1990களில் 3,100 குதிரைத் திறனை எட்டினார்கள். அதுவே டபிள்யூ.டி.எம்.3ஏ.

அங்கே ஓர் எண்ணை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தவில்லை. திறன்மிக்க டர்போ, பெரிய காற்றுக் குளிர்விப்பான், பெரிய எரிபொருள் பம்ப், மாற்றியமைத்த கேம் தண்டு என்று வரிசையாக எல்லாமே மாறின. வெப்பம் எங்கெல்லாம் கூடுமோ அங்கெல்லாம் முன்கூட்டியே வழி செய்தார்கள்.

கம்ப்யூட்டர் எண்களை மட்டும் மாற்றும்போது நாம் செய்வது வேறு. வெயில், மட்டமான பெட்ரோல், நீண்ட ஏற்றம், தேய்மானம் ஆகிய அனைத்தையும் தாங்க வேண்டும் என்று வடிவமைத்தவர் சிறிது இருப்பு வைத்திருக்கிறார். அந்த 25 குதிரைகளுக்குத் தீனி அந்த இருப்பிலிருந்தே போகிறது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 100ஐ எட்டினால், பிரேக் தணிக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது. எஞ்சினை மாற்றியவர் பிரேக்கையும் டயரையும் மாற்றினாரா? மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. பாதிப்படைவது ஓட்டுபவர் மட்டுமல்லர்; வளவனூர்ச் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளையும்தான்.

வேகத்தின் மீது ஆசை கொள்வது குற்றமன்று. இருங்காட்டுக்கோட்டையில் காரைச் செய்யும் ஆலை மட்டுமன்றி, 1990 முதல் ஒரு பந்தயத் தடமும் இருக்கிறது. டியூன் செய்த காருக்கு உரிய இடம் அதுவே. அடுத்த முறை யாராவது “25 குதிரை இலவசம்” என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கூடுதல் வெப்பத்தை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?” அதற்குச் சரியான விடை கிடைக்கும்வரை எஞ்சினின் எண்களைத் தொடவேண்டாம்.