பின் சக்கர பிரேக்: கேபிளை முறுக்கும் முன்

செப்டம்பர் 17, விசுவகர்மா பூஜை. கல்கத்தாவில் வண்டி வைத்திருப்பவர்கள் அன்று அதைக் கழுவி மாலை போடுவோம். மழைக்காலம் முடியும் தறுவாய் அது. தெருவில் தேங்கிய தண்ணீரில் இரண்டு மாதம் நனைந்த பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாலையைப் போடலாம் என்பது என் கட்சி.

உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாஸடருக்குப் பின்னால் டிரம் பிரேக். சக்கரம் பிடிக்கும்வரை ஷூவை நெருக்கி, பிறகு சற்றுத் தளர்த்தினால் வேலை முடிந்தது. பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில் இந்த வித்தை பலிக்காது. பலவற்றில் காலிப்பருக்குள்ளேயே ஒரு திருகு உண்டு. காலால் மிதித்தால் பிரேக் எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும்; கைபிரேக்கை இழுத்தால் அதே பிஸ்டனைத் திருகு தள்ளும். பேட் தேயத் தேயத் திருகு தானாக நீண்டு இடைவெளியை ஈடுகட்டும். ரயில் பெட்டிக்கு அடியில் உள்ள ஸ்லாக் அட்ஜஸ்டர் செய்கிற வேலையும் இதுதான்.

லேக் மார்க்கெட் பக்கத்து நண்பர் ஒருவரின் காரில் கைபிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு பட்டறையில் இருமுறை கேபிளை முறுக்கி அனுப்பினார்கள். அப்புறம் வித்யாசாகர் சேதுவில் ஏறும்போது தீய்ந்த வாடை; வலது பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. "சார், இன்னும் ஒரு சுற்று முறுக்கிப் பார்க்கலாமா?" என்றார் என்னிடம்!

கேபிள் எப்போதும் இழுபட்டிருந்தால் காலிப்பர் மேலுள்ள கைபிரேக் நெம்புகோல் தன் தடுப்புக்குத் திரும்பாது. பிறகு திருகு எங்கே தன்னைச் சரிசெய்துகொள்வது?

வண்டி ஆறியபின் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தோம். செங்கல் கூடவே கூடாது. கைபிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைச் சுற்றினால் நகரவில்லை. நெம்புகோலிலிருந்து கேபிளைக் கழற்றினோம். அப்போதே சக்கரம் தாராளமாகச் சுற்றியிருந்தால் குற்றம் கேபிளில். சற்று இளகியதே தவிர, இறுக்கம் போகவில்லை. அடுத்து, ரப்பர் குழாய் மாட்டி பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தோம். அதில் இளகினால் உள்ளே அடைபட்ட ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் இளகவில்லை. மிச்சம் பிஸ்டனும், காலிப்பர் நகரும் பின்களும்தான். ஒரு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் புகுந்து துருவேறி இறுகியிருந்தது. உள்பக்கத்து பேட் காகிதமாய்த் தேய்ந்திருக்க, வெளிப்பக்கத்து பேட் ஏறக்குறைய புதிதாக இருந்தது!

பின்னைத் தேய்த்துத் துடைத்து, புது உறை போட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவினோம். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பேட்களை இருபுறமும் ஜோடியாக மாற்றினோம். இவ்வகை காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளவேண்டும். பெரும்பாலும் வலச்சுற்று, சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் மாறும். கிளாம்ப் வைத்து நேராக நெருக்கினால் திருகு கெட்டுவிடும். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்கவும்.

எல்லாம் மாட்டிய பின் கேபிளைத் தளர்த்தி, எண்ணெய் அளவு பார்த்து, பெடலைக் கெட்டிப்படும்வரை மிதித்தோம். மெத்தென்று அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக்கூடாது. பிறகே கைபிரேக். இரு நெம்புகோல்களும் தடுப்பைத் தொடும் நிலையில், கேபிளின் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் முறுக்கினோம்.

பொத்தானில் இயங்கும் மின் கைபிரேக் உள்ள கார்களில் இதையெல்லாம் வீட்டில் முயலவேண்டாம். அதன் மோட்டாரைக் கருவி கொண்டு பின்னிழுத்த பிறகே பேட்டைத் தொடலாம்.

நண்பர் சந்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரு பின் சக்கரங்களும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தன.