மருத்துவமனைக்கும் தேர்வு உண்டு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பர் பெரியோர். ஆயினும் நோய் வந்துவிட்டால் நாம் மருத்துவமனையை நாடத்தான் வேண்டும். அம்மருத்துவமனை நல்லதா என்பதை எவ்வாறு அறிவது? கட்டடத்தின் உயரமும் தரையின் பளபளப்பும் அதைக் கூறமாட்டா. அதற்காக ஏற்பட்டதே தர அங்கீகாரம்.

உரிமம் வேறு, அங்கீகாரம் வேறு. உரிமம் அரசு தரும் அனுமதி. அஃதின்றி மருத்துவமனை நடத்த இயலாது. அங்கீகாரமோ, பெரும்பாலும் மருத்துவமனை தானே விரும்பிக் கேட்பது. "எங்களை வந்து சோதியுங்கள்" என்று வெளியாருக்குக் கதவைத் திறப்பதே அதன் பொருள்.

இம்முறை அமெரிக்காவில் வளர்ந்த வரலாறு சுவையானது. 1917-ஆம் ஆண்டில் அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரி, மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்ச விதிகளை ஒரே பக்கத்தில் வகுத்தது. தகுதியுள்ள மருத்துவர்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான குறிப்பேடு, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே வசதி ஆகியன அவற்றுட் சில. கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை 1915-இல் தொடங்கிய இயேசு சபைக் குரு சார்லஸ் மூலினியர் இம்முயற்சிக்குத் துணைநின்றார்.

நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தனர். தேறியவை 89 மட்டுமே! புகழ்பெற்ற மருத்துவமனைகளும் தேறவில்லை. பட்டியல் செய்தித்தாள்களுக்குக் கிடைத்துவிடும் என்றஞ்சி, 1919-இல் நியூயார்க் விடுதியொன்றின் உலையில் அதனை எரித்துவிட்டனர். தாள் எரிந்தது, குறைகள் எரியவில்லை. ஆயினும் சோதனை தொடர்ந்தது. 1950-க்குள் 3,200-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தேறின.

நம் நாட்டில் இப்பணிக்கென 2005-இல் என்.ஏ.பி.எச். எனும் தேசிய வாரியம் ஏற்பட்டது. சோதிக்க வருவோர் ஏடுகளை மட்டும் பார்ப்பதில்லை. மருந்து பூட்டி வைக்கப்பட்டுள்ளதா, அறுவைக்கு முன் நோயாளி இன்னார் என்று சரிபார்க்கிறார்களா, தீப்பிடித்தால் என்ன செய்வதென்று செவிலியர் அறிவாரா என்றெல்லாம் வினவுவர். சான்று நிரந்தரமன்று, காலம் முடிந்ததும் மீண்டும் தேர்வுதான்.

அங்கீகாரம் பெற்ற இடத்தில் எல்லா நோயும் தீரும் என்பதில்லை. தவிர்க்கக்கூடிய தவறுகளைத் தவிர்க்க அங்கே ஓர் ஒழுங்கு உண்டு என்பதே அதன் உறுதி.

தோழியரே! நாளை நம்முள் சிலர் மருத்துவராகலாம், செவிலியராகலாம். சோதிப்பவர் வரும் நாளில் மட்டுமன்றி, எவரும் பாராத நள்ளிரவிலும் கைகழுவிய பின்பே நோயாளியைத் தொடுவோமாக. சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு உயிரளிப்பது அதுவே.