பட்டா இல்லாதவருக்கு வரிசையிலும் இடமில்லை

மரக்காணம் உப்பளங்களில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியிலிருந்து உப்பை வாரி வரப்பில் குவித்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் தொழிலாளி அரசு வீட்டுக்காகக் காத்திருப்பதற்குக் காரணம் நிதிப் பற்றாக்குறை மட்டுமல்ல. 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துக் காத்திருப்போர் பட்டியலைப் போட்டது. சமவெளியில் வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அது 3.50 லட்சம்; 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் இலக்கு. தொகை உயர்ந்தது நல்லதுதான். ஆனால் குடிசை நிற்கும் மனைக்குப் பட்டா வேண்டுமே! புறம்போக்கில் குடிசை போட்டவர் வரிசையின் கடைசியில்கூட இல்லை.

கடலோரத் தாழ்நிலத்துக்கு எப்படிப் பட்டா கொடுப்பது என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இங்கே உப்பளங்கள் மூழ்கின. அதற்காக மனையே தராமல் இருக்க முடியாது. நிலமற்ற பயனாளிக்கு மாநில அரசு மனை ஒதுக்க வேண்டும் என்பது ஒன்றியத் திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே உள்ளது. மேட்டு நிலத்தில் கொடுக்கலாம்; உப்பளத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வீடு பூட்டியே கிடக்கும். பயனாளி யார் என்று தேடவும் வேண்டாம்: மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் தருவதற்காக உப்பளத் தொழிலாளர்களை அரசு ஏற்கெனவே கணக்கெடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலோடு வருவாய்த்துறை மனை அளக்கத் தொடங்கலாம்.