கணக்கு விளங்குது, கேள்வி விளங்குதில்லை

*வேலையை மாற்றும் எண்ணத்தோடு முப்பத்தைந்துக்குப் பிறகு படிக்க வருகிறவர்கள் இடையில் நின்றுவிட்டால் எல்லாரும் வயதைக் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் அவர்களைத் தடுப்பது வகுப்பறையின் மொழி.*

ஞாயிறு காலை கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஹெட்டியாவத்தையிலிருந்து புறப்படும் 176ஆம் இலக்க பஸ்ஸில், கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிறவர்களுக்கு நடுவே வேறொரு கூட்டமும் ஏறுகிறது. நாற்பதை ஒட்டிய வயது. தோளில் பை, கையில் மழைக்குப் பயந்து உறையில் சுற்றிய பாடநூல். பொரளை, ராஜகிரிய கடந்து நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தருகே இறங்கிவிடுகிறார்கள். வார நாள்களில் இதே காட்சியை வெள்ளவத்தையில் பார்க்கலாம். காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் பிள்ளைகளின் டியூஷன் முடிந்து வாங்குகள் காலியானதும், கடையையும் கந்தோரையும் பூட்டிவிட்டு வந்த பெரியவர்கள் அதே வாங்குகளில் உட்காருகிறார்கள்.

இவர்களில் பலரைப் படிப்பின் பக்கம் தள்ளியது 2022. அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்துகொண்டு புறப்பட்டவர்கள் மாத்திரம் 3 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேல். வயதான தாய் தகப்பன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று போக முடியாமல் நின்றவர்களுக்கு, இருக்கிற இடத்திலேயே வேறு வேலைக்கு மாறுவதுதான் மிச்சமிருந்த வழி. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மறுபடி படிக்க வேண்டும்.

கதவுகள் இருக்கின்றன

படிக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களையே அரச பல்கலைக்கழகங்கள் உள்ளே எடுக்கின்ற நாட்டில், மிச்சப் பேருக்கான இரண்டாவது வாசலாக 1980இல் நாவலைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் எல்லை இல்லை. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்துக்கொண்டு பட்டப்படிப்புக்கு ஏறலாம்.

கணக்குத் துறைக்கு ஏஏடி என்ற தொழில்சார் பரீட்சை. கணினித் துறைக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய வெளிவாரிப் பட்டமான பிஐடி. கைத்தொழில்காரருக்கு ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. பதினைந்து வருடம் வயரிங் வேலை பார்த்தவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும் என்றுகூட இல்லை. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக்கொண்டு தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டா போன்ற இடங்களில் விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டினால், அந்த அனுபவத்துக்கே சான்றிதழ் கிடைக்கும். முன்கற்றலை அங்கீகரிக்கும் இந்த முறை கொட்டாஞ்சேனையின் வேலைத்தளங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தெரியாத ஒவ்வொருவருக்கும் அது நட்டம்தான்.

கதவுகள் திறந்துதான் கிடக்கின்றன. உள்ளே போனவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நகைக்கடை மாடியில் ஒரு புத்தகம்

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. மேல்மாடியில் கணக்கு எழுதுகிறார் ஒருவர். வயது நாற்பத்தொன்று. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம், நல்ல பெறுபேறு. ஒரு கம்பனியில் கணக்காளராக உட்கார வேண்டும் என்பது பழைய ஆசை. மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை ஒதுக்கிவிட்டு அவர் விரித்துக் காட்டிய பாடநூலில் அச்சு எழுத்தைவிடப் பென்சில் எழுத்துத்தான் அதிகம். ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் சின்னச் சின்னத் தமிழ். பெறுமானத் தேய்வு, வருமதி, சென்மதி, ஐந்தொகை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்பட்ட பாடாகப் படித்த அத்தனையும் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தை முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கிறதாம்.

"கணக்கு விளங்குது தம்பி. கேள்விதான் விளங்குதில்லை" என்றார். "என்ன கேக்கிறாங்கள் எண்டு கண்டுபிடிக்கவே அரைவாசி நேரம் போயிடுது. பிறகு செய்யத் தெரிஞ்ச கணக்கையும் முடிக்க நேரமில்லை."

ஏஏடியைத் தமிழிலேயே எழுதலாமே என்று கேட்டேன். எழுதலாம்தான். ஆனால் அதற்கு மேலே பட்டயக் கணக்காளர் படிப்பின் உயர்கட்டங்களுக்குப் போனால் ஆங்கிலம். அங்கே திணறுவதைவிட இங்கேயே தொடங்கிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. தவிர, வேலை முடிந்த பிறகு போகக்கூடிய நேரத்தில், போகக்கூடிய தூரத்தில், பெரியவர்களுக்கான தமிழ் வகுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளவத்தையில் மாலை வகுப்புக்குப் போய் நான்காம் மாதம் நின்றுவிட்ட ஒரு பெண்ணும் என்னோடு பேசினார். புடவைக்கடையில் பதினோரு வருடம் விற்பனைப் பகுதியில் நின்றவர். மனிதவள முகாமைத்துவம் படிக்க ஆசைப்பட்டார். "வயசு போயிட்டுது, மண்டைக்குள்ள ஏறுதில்லை" என்றார். நான் அதை ஏற்கவில்லை. அந்தக் கடையில் வேலைக்கு வந்த இருபது பெண்களைப் பழக்கி எடுத்தவர் அவர். யாருக்கு எந்த நேரத்தில் லீவு கொடுப்பது, சண்டை வந்தால் யாரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று பாடமே நடத்தக்கூடியவர். ஆங்கில விரிவுரையின் வேகத்துக்குக் குறிப்பெடுக்க முடியாததை வயது என்று நினைத்துத் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இடையில் அகப்பட்ட தலைமுறை

வயது வந்த பிறகு படித்துத் தொழில் மாறுவது நமக்குப் புதிதல்ல. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பத்திரிகை, கல்லூரி, அரசாங்கக் கணக்குப் பகுதி என்று வேலை பார்த்து, நாற்பதை நெருங்கும் வயதில் சட்டம் படித்துத் தேறினார். பிறகு கும்பகோணத்தில் வக்கீல், புதுக்கோட்டையில் நீதிபதி. பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த வேலை இவ்வளவுக்கும் நடுவில். பேராசிரியர் கா. சிவத்தம்பியும் கொழும்பில் பள்ளி ஆசிரியராகவும் நாடாளுமன்ற உரைபெயர்ப்பாளராகவும் இருந்த பிறகுதான் பல்கலைக்கழக விரிவுரையாளரானார். பர்மிங்காமில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றது 1970இல், முப்பத்தெட்டு வயதில்.

இந்த உதாரணங்களைச் சொல்லி "உங்களாலும் முடியும்" என்று ஊக்கம் கொடுப்பது எளிது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலத்தில் படித்தவர். சிவத்தம்பி காலத்துக் கல்லூரிகளிலும் ஆங்கிலமே பாடமொழி. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்து எடுத்த அந்தக் கால ஆசிரியர்களுக்கும் லிகிதர்களுக்கும் அப்படித்தான். நேரத்தோடும் காசோடும் அவர்கள் போராடினார்கள். பாடநூலின் மொழியோடு போராடவில்லை.

1945இல் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய தாய்மொழிக் கல்வி, அடுத்த இருபது வருடங்களுக்குள் மேல்வகுப்புகளையும் பல்கலைக்கழகக் கலைப் பீடத்தையும் எட்டியது. நல்ல காரியம். அதனால்தான் எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளும் பட்டதாரிகளானார்கள். பிறகு 2001இல் உயர்தரத்திலும், தொடர்ந்து கீழ்வகுப்புகளிலும் அரச பள்ளிகளுக்கு ஆங்கில மொழிமூலம் திரும்பி வந்தது. இன்று நாற்பது வயதானவர் அப்போது சாதாரண தரத்தில் இருந்திருப்பார். அதுவரை தமிழில் படித்து வந்த அவருக்கு அந்த மாற்றம் பிந்தியே வந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளில் இன்று மகளின் விஞ்ஞானப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை அவள் அநாயாசமாக வாசிக்கிறாள். பக்கத்தில் தாய் தன் டிப்ளோமாப் புத்தகத்தை அகராதியோடு வாசிக்கிறார். மகளிடம் கேட்கக் கூச்சம்.

சட்டம் சொன்னதும் விட்டதும்

நமது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஏதாவது ஒன்றில் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அரச பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகமொன்றில் ஒரு பாடநெறி சிங்களத்தில் நடந்தால், தமிழில் படித்து வந்தவர்களுக்கு அது தமிழிலும் நடக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே உறுப்புரையில் ஒரு விலக்கும் இருக்கிறது. தேசிய மொழியல்லாத மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனத்துக்கு இந்த உரிமை பொருந்தாது. வளர்ந்தவர்கள் தேடிப் போகும் கணினி, முகாமைத்துவம், பொறியியல் எல்லாம் அநேகமாக அந்த விலக்குக்குள்தான் நடக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியக் கல்வியும் சில அடிப்படைப் பாடநெறிகளும் தமிழில் உண்டு. அடிப்படை விஞ்ஞானத்தைத் தமிழில் முடித்தவர் பட்டப்படிப்பின் முதல் நாளே ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும்.

வேலை ஆங்கிலத்தில், ஆகவே படிப்பும் ஆங்கிலத்தில் இருப்பதே நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீந்தத் தெரியாதவரைக் கடலில் இறக்கிவிட்டு, கடல் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொல்வதில் என்ன பயன்? ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அதுவரை போய்ச் சேர ஒரு படிக்கட்டுக் கேட்கிறார்கள்.

அந்தப் படிக்கட்டு பெரிய செலவும் அல்ல. பாக்கு நீரிணைக்கு அப்பால் 2002இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வளர்ந்தவர்களுக்குத் தமிழிலேயே பாடநூல் அச்சிட்டுக் கொடுக்கிறது. நம் பாடத்திட்டம் வேறு, சொற்கள் வேறு என்பது உண்மை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாடத்தை வாசித்தால் பாதிச் சுமை குறையும். கணக்கியல் பரீட்சையில் திரும்பத் திரும்ப வரும் ஏவற்சொற்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை: விளக்குக, ஒப்பிடுக, கணிக்க, தயாரிக்க, மதிப்பிடுக. சில பரீட்சைகளில் அந்தப் பட்டியலை வினாத்தாளோடே தருகிறார்கள். பாடத்தோடு ஒட்டிய இந்த ஆங்கிலத்தை மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். "பேச்சு ஆங்கிலம் முப்பது நாளில்" என்ற விளம்பர வகுப்பு இதற்கு உதவாது.

எங்கே நடத்துவது? 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது, மண்டபத்தோடும் நூல்நிலையத்தோடும். கொட்டாஞ்சேனையில் பள்ளி மண்டபங்கள் பல மாலையில் சும்மா கிடக்கின்றன. ஓய்வுபெற்ற வர்த்தகப் பாட ஆசிரியர்களும் வங்கி முகாமையாளர்களும் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த, கணக்கும் தெரிந்த ஒருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் தந்தால் ஒரு வகுப்பு ஓடும்.

காசு கட்டுவதற்கு முன்

படிக்கத் தீர்மானித்துவிட்ட வாசகருக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. பளபளப்பான கையேட்டை நம்பி முதல் நாளே முழுக் காசையும் கட்டாதீர்கள். ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விடாத இடம் வேண்டாம். தமிழில் கேள்வி கேட்டால் விரிவுரையாளர் பதில் சொல்வாரா, பரீட்சையை எந்த மொழியில் எழுதலாம், நடுவில் மொழியை மாற்றலாமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் பிரித்தானியப் பவுணிலா ரூபாவிலா என்று பாருங்கள். 2022இல் பவுணில் பரீட்சைக் காசு கட்டியவர்களுக்கு இந்தக் கேள்வியின் பெறுமதி தெரியும். கடந்த மூன்று வருட வினாத்தாள்களைக் கையிலெடுத்து, விடை எழுதாமல் கேள்விகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். விளங்காத இடத்தைக் கோடிடுங்கள். உங்கள் முதல் மாதப் பாடம் அந்தக் கோடுகள்தான்.

நான்காம் மாதம் நின்றுவிட்ட அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மூளைக்கு வயது போகவில்லை. பதினோரு வருடம் ஒரு கடையில் நின்று இருபது பேரைப் பழக்கி எடுத்த மூளை அது. நிறுவனங்கள் சேர்த்த ஆட்களின் தொகையை விளம்பரத்தில் போடுகின்றன. இடையில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைக்கட்டும். மொழி என்று பதில் வந்தால் அதற்கு ஒரு வகுப்பைத் தொடங்கட்டும். தொடங்காவிட்டால் நம் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும் தொடங்கட்டும். பரிசளிப்பு விழாவுக்கு வருடாவருடம் சேர்க்கிற காசில் ஒரு பங்கு போதும்.