சீட்டில் சிக்காத புழு

நாய் சளியும் ரத்தமுமாகக் கழிகிறது. மலப் பரிசோதனைச் சீட்டோ 'புழு இல்லை' என்கிறது. எதை நம்புவது? நாயைத்தான். பெருங்குடலில் தலையைப் புதைத்து ரத்தம் உறிஞ்சும் சாட்டைப்புழு, முட்டையிடத் தொடங்கவே சுமார் மூன்று மாதமாகும். பிறகும் விட்டு விட்டுத்தான் இடும்.

போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடுத்த புரோத்ராபூர் அதற்கு வாகான இடம்: இரண்டு பருவமழையிலுமாக ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஈர மண்ணில் விழும் முட்டை சில வாரங்களில் தொற்றத் தயாராகி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

பைரன்டல் மட்டும் உள்ள பூச்சி மாத்திரைக்கு இது அசையாது. கால்நடை மருத்துவர்கள் தருவது ஃபென்பென்டசோல்: மூன்று நாள், மூன்று வாரம் கழித்து மறுபடி, மூன்றாம் மாதம் இன்னொரு முறை. இதற்கிடையே முற்றத்துக் கழிவை அன்றன்றே அள்ளாவிட்டால், நாய் அதே மண்ணை நக்கி முட்டையை மறுபடி விழுங்கும்.