பூட்டில் உடையும் போலிச் சாவி

சீழ்க்கட்டிகளில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவுக்குள் உள்ள அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அது வெடிக்காமல் இருப்பது சுற்றியுள்ள செல்சுவரின் தயவில்தான்.

சர்க்கரை மூலக்கூறுகளாலான நீண்ட சரங்களும், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டையான அமினோ அமிலச் சங்கிலிகளும் சேர்ந்ததே இந்தச் சுவர். பாக்டீரியா வளர வேண்டுமானால் சுவரும் விரிய வேண்டும். அதற்காக வெட்டும் நொதிகள் பழைய பின்னலில் இடைவெளி உண்டாக்க, பிணைக்கும் நொதிகள் அங்கே புதுச் சரங்களைக் கோக்கின்றன. புதுச் சங்கிலியின் நுனியில் இரண்டு அலனின்கள் இருக்கும். கடைசி அலனினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பக்கத்துச் சங்கிலியை மாட்டுவது பிணைப்பு நொதியின் வேலை.

பெனிசிலின் புகுந்து விளையாடுவது இங்கேதான். அதன் வடிவம் அந்த இரட்டை அலனினை ஒத்திருப்பதாக டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1965-இல் விளக்கினார்கள். ஏமாந்த நொதி அதைப் பிடிக்கிறது. பெனிசிலினில் உள்ள நான்கு அணு வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. போலிச் சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்த கதை! பிணைப்பு நின்றுபோகிறது, வெட்டும் நொதிகளோ ஓய்வதில்லை. சுவர் நைந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்து, கிருமி வெடிக்கிறது.

ஆக, கொலையில் பாதிப் பங்கு கிருமிக்கே உண்டு. வளராமல் சும்மா கிடக்கும் கிருமியைப் பெனிசிலினால் அதிகம் அசைக்க முடிவதில்லை. மருந்துக்குத் தப்பிய சில ஸ்டெஃபைலோகாக்கஸ்களை வளர்த்துப் பார்த்த அயர்லாந்தின் ஜோசப் பிக்கர், அவற்றின் சந்ததி வழக்கம்போல மருந்துக்குச் சாவதை 1944-இல் கண்டார். பரம்பரை எதிர்ப்பு அல்ல, வெறும் தூக்கம்.

மனித செல்லுக்கு இப்படியொரு சுவர் கிடையாது, வைரஸுக்கும் கிடையாது. வைரஸால் வரும் சாதாரண சளிக்கு, பெனிசிலின் வகையான அமாக்சிசிலினைக் கேட்டு மெடிக்கலில் நிற்பவர்கள் இதை யோசிக்கலாம்.

கிருமிகளும் சளைத்தவை அல்ல. பெனிசிலினின் வளையத்தை முன்கூட்டியே உடைக்கும் நொதியைப் பற்றி ஆபிரகாமும் செயினும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எழுதியது 1940-இல். அந்த ஆய்வுக்குழு முதல் நோயாளிக்கு மருந்தைச் செலுத்தியதே 1941-இல்தான். இன்று மாத்திரை அட்டையில் காணும் ‘625’, 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளவுலனிக் அமிலமும் சேர்ந்தது. பின்னதற்குக் கிருமியைக் கொல்லும் திறன் பெரிதாக இல்லை. உடைக்கும் நொதியிடம் தானே மாட்டிக்கொண்டு அமாக்சிசிலினைத் தப்பவிடுகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. பெனிசிலின் எளிதில் ஒட்டாத வேறொரு பிணைப்பு நொதியையே அது வைத்திருக்கிறது.